ரெட் சிக்னலில் ரைட் எடுக்கலாமா? 50 டாலருக்கு நான் கற்றது

கவர் என் மனைவி பெயருக்கு வந்திருந்தது. வண்டி அவள் பெயரில் பதிவாகியிருப்பதால் அப்படி. அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருக்க, நின்றபடியே பிரித்துப் பார்த்தவள், "ஏங்க, இது நம்ம வண்டிதானே?" என்றாள்.

நம்ம வண்டிதான். பின்பக்கமிருந்து எடுத்த இரண்டு படங்கள். ஒன்றில் வண்டி வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் இருக்கிறது, மேலே சிவப்பு விளக்கு. இன்னொன்றில் பாதி திரும்பிய வண்டி, வலது இன்டிகேட்டர் பளிச்சென்று எரிகிறது. நம்பர் பிளேட்டை மட்டும் தனியாகப் பெரிதாக்கி ஓரத்தில் போட்டிருந்தார்கள். அபராதம் 50 டாலர். நாள் ஞாயிற்றுக்கிழமை, இடம் நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ். அன்றைக்கு நாங்கள் ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தோம்.

பௌன் தெருவில் இருக்கும் அந்தக் கோயிலுக்கு 1977-ல் கும்பாபிஷேகம் ஆனது. கீழ்த்தளத்து கேன்டீன் தோசைக்காகவே நியூ ஜெர்சியிலிருந்து இரண்டு பாலம் தாண்டி, இரண்டுக்கும் டோல் கட்டிப் போகிறவர்கள் உண்டு. நாங்களும் அந்தக் கூட்டம்தான். அன்றைய தோசை எனக்குக் கொஞ்சம் விலை அதிகம்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நோட்டீஸில் கொடுத்திருந்த இணைய முகவரியில் வீடியோவும் இருந்தது. லேப்டாப்பைத் திறந்து மனைவியிடம் காட்டினேன். "பாரு, முழுசா நின்னிருக்கேன். கோட்டுக்குப் பின்னாடி. யாரும் வரலைன்னு பார்த்துட்டுத்தான் திரும்பறேன். இதுல என்ன தப்பு?" அவள் இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு தன் போனில் எதையோ தேடி என் பக்கம் நீட்டினாள். நியூயார்க் நகரத்துக்குள் சிவப்பில் வலது திரும்பவே கூடாது. திரும்பலாம் என்று பலகை வைத்திருக்கும் இடங்களில் மட்டும்தான் திரும்பலாம்.

வீடியோவில் நான் செய்தது எல்லாமே நியூ ஜெர்சிக்குச் சரி. நான் இருந்த இடம்தான் நியூ ஜெர்சி இல்லை.

கொஞ்சம் பின்னால் போகிறேன். நான் வண்டி ஓட்டக் கற்றது சென்னையில். அங்கே 'ஃப்ரீ லெஃப்ட்' என்பது ரத்தத்தில் ஊறியது. பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிவப்பு விளக்கு என்பது நேராகப் போகிறவனுக்கும் வலது திரும்புகிறவனுக்கும் மட்டும்தான் என்று மனதுக்குள் ஒரு தீர்மானம். நியூ ஜெர்சியின் எடிசன் ஊருக்கு வந்து சேர்ந்ததும் நேர் எதிராக ஆகிவிட்டேன். புது நாடு, விசா, போலீஸ் என்று எல்லாவற்றுக்கும் பயம். சிவப்பைக் கண்டால் துவாரபாலகர் மாதிரி அசையாமல் நிற்பேன்.

முதல் வாரமே பின்னாலிருந்து ஹார்ன். நம் ஊரில் ஹார்ன் என்பது 'நான் வருகிறேன்' என்று சொல்வது. இங்கே அது திட்டு. எதற்குத் திட்டுகிறான் என்று புரியாமல் கியரைப் பார்த்தேன், கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தேன், ஹஸார்டு விளக்கைக்கூட ஒரு தடவை போட்டு அணைத்தேன்.

லைசென்ஸுக்கான எழுத்துத் தேர்வுக்குப் படித்தபோது அந்த விதியும் கண்ணில் பட்டிருக்கும். 50 கேள்விக்கு 40 சரியாக இருந்தால் தேர்ச்சி. விடையை மனப்பாடம் செய்து தேறியவனுக்கு விதி மண்டையில் நிற்குமா? டிரைவிங் சொல்லிக்கொடுத்த ஆந்திரக்காரர்தான் புரியவைத்தார். சிவப்பில் வலது திரும்பலாம், ஆனால் சிவப்பு பச்சையாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தத் திருப்பத்துக்கு மட்டும் அது ஒரு ஸ்டாப் பலகை. முழுதாக நில், எல்லோரையும் போகவிடு, அப்புறம் போ.

'முழுதாக' என்ற சொல்லில் அவர் ரொம்பக் கண்டிப்பு. சக்கரம் மெல்ல உருண்டுகொண்டே இருக்க, நின்றுவிட்டதாக நாம் நம்பிக்கொள்வோம். இங்கே அதை ரோலிங் ஸ்டாப் என்பார்கள், போலீஸ்காரர் டிக்கெட் எழுத அது போதும். நின்றோமா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவர் சொன்ன வழி இன்றைக்கும் எனக்கு உதவுகிறது. வேகம் குறையும்போது உடம்பு முன்னால் போகும். வண்டி உண்மையில் நின்ற கணத்தில் முதுகு திரும்பி வந்து சீட்டில் மெல்லப் படும். அது படும்வரை நீ நிற்கவில்லை. பட்ட பிறகு ஒன்று, இரண்டு, மூன்று எண்ணு. ஸ்பீடோமீட்டரைப் பார்க்காதே, அந்த நேரத்தில் கண்ணுக்கு வேறு வேலை இருக்கிறது.

அந்த வேறு வேலை என்ன என்பது எனக்குப் புரிய இன்னும் சில வருடம் ஆயிற்று. அதைக் காட்டியது அப்பா.

கும்பகோணத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். அக்டோபர் மாதம். வேட்டிக்கு மேலே என்னுடைய பழைய ஜிப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தினமும் சாயங்காலம் ஓக் ட்ரீ ரோடு பக்கமாக ஒரு நடை. நானும் கூடப் போவேன். சாலையைக் கடப்பதில் அவர் வந்த புதிதிலேயே தேறிவிட்டார். பொத்தானை அமுக்குவார், வெள்ளை ஆள் படம் எரியும்வரை காத்திருப்பார், எரிந்ததும் ரோட்டில் இறங்குவார். "நம்ம ஊர்ல எழுபது வருஷம் ஓடிக் கடந்தேன், இங்கதான்டா நடந்து கடக்கறேன்" என்பார்.

அன்றைக்கு நான் போன் பேசிக்கொண்டு நாலடி பின்னால் வந்துகொண்டிருந்தேன். வெள்ளை ஆள் எரிந்தது, அப்பா இறங்கிவிட்டார். எங்களுக்கு இடப்பக்கம் குறுக்குக்கோடுகளை ஒட்டி வெள்ளி நிற எஸ்யூவி ஒன்று வலது இன்டிகேட்டருடன் நின்றது. அதற்குச் சிவப்பு. ஓட்டுநரின் பின்னந்தலைதான் எனக்குத் தெரிந்தது. கழுத்து முழுக்க இடது பக்கம். அந்தப் பக்கமிருந்து வரும் கார்களில் ஒரு இடைவெளிக்காகக் காத்திருக்கிறான். இடைவெளி கிடைத்தது. வண்டி கிளம்பியது. தலை இன்னும் திரும்பவில்லை.

நான் கத்தினேனா என்று நினைவில்லை. அப்பா கத்தவில்லை. நம் ஊரில் டவுன் பஸ்ஸை நிறுத்துவாரே, அதேபோல உள்ளங்கையை பானெட்டில் வைத்து டப் டப் என்று இரண்டு தட்டு தட்டினார். வண்டி குலுங்கி நின்றது. அப்போதுதான் அந்த மனிதன் வலப்பக்கம் பார்த்தான். முகம் வெளிறிப்போய் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து தூக்கி மன்னிப்பு கேட்டான். அப்பா கையை ஆட்டிவிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு எதிர்ப்பக்கம் போய் ஏறினார்.

எனக்குத்தான் கால் நடுங்கியது. நான் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன். கொஞ்ச தூரம் கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: "விடுடா. அவன் கார் வருதான்னுதான் பார்த்தான். மனுஷன் வருவான்னு நினைக்கல."

இரவு படுத்தபோது தூக்கம் வரவில்லை. அந்தப் பின்னந்தலையை எனக்குத் தெரியும். அது என்னுடையது. தினமும் ஆபீஸ் போகும் வழியில் நாலு சிக்னலில் நான் செய்வதும் அதுதான். முதுகு சீட்டில் படுகிறது, மூன்று எண்ணுகிறேன், எல்லாம் சரி. ஆனால் மூன்றும் எண்ணுவது இடது பக்கம் பார்த்துக்கொண்டே. இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கமாக ஓடுகின்றன. நான் சேரப்போகும் லேனுக்கு வண்டி வருவது எப்போதும் இடமிருந்துதான். பயம் அங்கே இருப்பதால் கண்ணும் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. வலப்பக்க நடைபாதையிலிருந்து இறங்குகிற ஆள் இரண்டே எட்டில் என் பம்பருக்கு முன்னால் இருப்பார். அவருக்கு வெள்ளை ஆள் எரிகிறது, அதாவது உரிமை அவருடையது. குறுக்குக்கோட்டில் நடப்பவருக்காக நின்று, அவர் கடக்கும்வரை நின்றே இருக்க வேண்டும் என்று நியூ ஜெர்சியில் 2010 ஏப்ரலிலிருந்து சட்டமே இருக்கிறது.

மறுநாளிலிருந்து வரிசையை மாற்றிக்கொண்டேன். இடம், வலம், மறுபடி இடம். இடைவெளி தெரிந்து கால் பிரேக்கிலிருந்து எழும் நேரத்தில் கடைசியாக ஒரு தடவை வலம். அந்தக் கடைசிப் பார்வைதான் முக்கியம். அதற்கு ஆகும் அரை விநாடியில் இடைவெளி போய்விட்டால் போகட்டும், அடுத்தது வரும். பேசிக்கொண்டே போனால் வரிசை மறந்துவிடும் என்பதால் ஆரம்பத்தில் வாய்விட்டே சொல்வேன். பின்சீட்டிலிருந்து மகளும் கூடவே பாடுவாள். சைக்கிள் லேன் உள்ள தெரு என்றால் வலது கண்ணாடியும் உண்டு. நாம் சிவப்புக்கு நிற்கையில் நம் வலப்பக்க இடுக்கு வழியாகச் சைக்கிள்காரர் சத்தமில்லாமல் முன்னால் வந்துவிடுவார்.

இன்னொன்று, கோட்டைத் தாண்டி மூக்கை நீட்டுகிற பழக்கம். மூலையில் வேனோ மரமோ மறைத்தால் இடப்பக்கம் எட்டிப் பார்க்க எல்லோரும் குறுக்குக்கோட்டின் மேலேயே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். நடக்கிறவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடும் போக்குவரத்துக்குப் பக்கத்தில் போக வேண்டியதாகிறது. கோட்டுக்குப் பின்னால் ஒரு தடவை முழுதாக நின்று, நடப்பவர் யாரும் இல்லை என்றால் மெல்ல நகர்ந்து, பார்வை கிடைக்கும் இடத்தில் இரண்டாவது தடவை நில். இரண்டு நிற்றல். நேரம் கூடுதலாக ஆகும்தான்.

அப்புறம் அந்த ஹார்ன். சிவப்பில் திரும்பலாம் என்பது அனுமதி, கட்டாயம் இல்லை. இது புரிந்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பின்னால் இருப்பவனுக்கு என் வலப்பக்க நடைபாதை தெரியாது. பிள்ளை வண்டி தள்ளிக்கொண்டு வருகிற பெண்ணை அவன் பார்க்கவில்லை, நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் அடிக்கட்டும். 'நோ டர்ன் ஆன் ரெட்' என்று வெள்ளைப் பலகை இருக்கும் இடத்தில்கூட அடிக்கிறவர்கள் உண்டு. அந்தப் பலகையிலும் பொடி எழுத்துகளைப் படிக்க வேண்டும். சிலவற்றில் காலை 7 முதல் மாலை 7 வரை என்று நேரம் போட்டிருக்கும். சிலவற்றில் பள்ளி நாட்களில் மட்டும். சிலவற்றில் நடப்பவர்கள் இருந்தால் மட்டும். விளக்கு வட்டமாக இல்லாமல் சிவப்பு அம்புக்குறியாக எரிந்தால் பல மாநிலங்களில் பேச்சே இல்லை, நின்றே ஆகவேண்டும். இடது திரும்புவது தனிக் கதை. ஒருவழிச் சாலையிலிருந்து இன்னொரு ஒருவழிச் சாலைக்கு என்றால் கலிஃபோர்னியா மாதிரி சில இடங்களில் சிவப்பில் இடதும் உண்டு. நியூ ஜெர்சியில் கிடையாது.

கிடையாது என்பதோடு விட்டார்களா? எங்கள் ரூட் 1 மாதிரி சாலைகளில் இடது போக வேண்டுமானால் முதலில் வலது பக்கம் பிரிந்து, வளைந்து, குறுக்குச் சாலைக்கு வந்து கடக்க வேண்டும். ஜக்ஹேண்டில் என்பார்கள், கூஜாவின் கைப்பிடி மாதிரி வளைந்திருப்பதால். முதல் மாதத்தில் இடது லேனில் நின்றுகொண்டே எதிர்ப்பக்கம் இருந்த மளிகைக்கடையை ஏக்கத்தோடு பார்த்தபடி அடுத்த ஊருக்குப் போயிருக்கிறேன்.

இவ்வளவும் பழகி, மாநிலத்தையே கரைத்துக் குடித்துவிட்ட திமிரில்தான் அன்றைக்கு ஃபிளஷிங் போனேன். எங்கள் பக்கம் பலகை இல்லை என்றால் திரும்பலாம். அதனால் சிக்னலில் நின்றதும் என் கண் தானாகவே பலகையைத் தேடும். குவீன்ஸிலும் தேடியது. கம்பத்தில் ஒன்றும் இல்லை. சரி, போகலாம். அதே வெறும் கம்பம் அந்த நகரத்தில் 'கூடாது' என்று சொல்கிறது. பொது விதியே கூடாது என்பதுதான் எனும்போது ஒவ்வொரு சிக்னலிலும் எதற்குப் பலகை மாட்டப்போகிறார்கள்?

ஏன் அப்படி ஒரு நகரத்துக்கு மட்டும் என்று தேடிப் படித்தேன். சிவப்பில் வலது திரும்புவது அமெரிக்கா முழுக்கப் பரவியதற்குக் காரணம் பாதுகாப்பு இல்லை, பெட்ரோல். மேற்கு மாநிலங்களில் முன்பே இருந்த வழக்கம்தான். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், சிக்னலில் சும்மா நின்று எரிபொருளை வீணாக்குவானேன் என்ற பேச்சு எழுந்தது. 1975-ல் வந்த எரிசக்திச் சட்டம், மாநிலங்கள் மத்திய அரசின் எரிபொருள் சேமிப்பு உதவியைப் பெற இதையும் ஒரு நிபந்தனையாக வைத்தது. ஒவ்வொன்றாக வழிக்கு வந்து, கடைசி மாநிலமாக மசாசூசெட்ஸ் 1980 ஜனவரியில் சேர்ந்துகொண்டது. நியூயார்க் மாநிலமும் அனுமதித்தது. ஆனால் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரத்தில் கூடாது என்று தன் சட்டத்தில் எழுதி வைத்துக்கொண்டது. அந்த மாநிலத்தில் அப்படி இருப்பது ஒரே நகரம்தான். ஃபிளஷிங் மெயின் தெருவில் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அந்த விதிவிலக்கை எதிர்க்க மாட்டார்கள். சுங்குடிக் கடை வாசலில் தீபாவளிக்கு முந்தின நாள் மாதிரி இருக்கும்.

இந்த விஷயத்தில் நான் மட்டும் ஏமாளி இல்லை. கனடாவின் ஸ்கார்பரோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பரிடம் கதையைச் சொன்னபோது சிரித்தார். ஒன்ராறியோவில் நின்று பார்த்துச் சிவப்பில் வலது திரும்பலாம். கியூபெக்கில் 2003-லிருந்துதான் விட்டார்கள், அதுவும் மொன்றியல் தீவைத் தவிர்த்து. "பாலம் தாண்டித் தீவுக்கை போனாச் சரி, கதை மாறிப்போகும் அண்ணை. நானும் கலியாண வீட்டுக்குப் போய்த்தான் படிச்சனான்" என்றார். எங்கள் இருவருக்கும் இப்போது ஒரே பழக்கம். புது ஊருக்குக் கிளம்புமுன் டோல் எவ்வளவு, பார்க்கிங் எங்கே என்று தேடுவோமே, அதோடு சிவப்பில் திரும்பலாமா என்றும் ஒரு வரி தேடிவிடுவது. நேவிகேஷன் பெண்மணி 'டர்ன் ரைட்' என்பாள். விளக்கு என்ன நிறம் என்று அவளுக்குத் தெரியாது.

அபராதத்தைக் கட்டிவிட்டேன். மறுத்து வாதாட வழி இருந்தது, வாதம்தான் இல்லை. கேமரா பிடித்தால் 50 டாலரோடு முடிந்தது, லைசென்ஸில் புள்ளி ஏறாது. நாள் தவறினால் மேலே 25 டாலர். ஓட்டியது யார் என்று கேமரா பார்ப்பதில்லை, வண்டிக்குச் சொந்தக்காரருக்குத்தான் நோட்டீஸ் போகும். எங்கள் நியூ ஜெர்சியில் 2014 டிசம்பரோடு சிவப்பு விளக்குக் கேமராக்களை நிறுத்திவிட்டதால் அவற்றை நிமிர்ந்து பார்க்கும் பழக்கமே போயிருந்தது. "என் பேர்ல இதுவரைக்கும் ஒரு டிக்கெட் கிடையாது" என்று மனைவி அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்காட்டினாள். நியாயம்தான்.

நடுவில் ஒரு தடவை சென்னை போனபோது அண்ணன் காரை எடுத்தேன். அண்ணா நகரில் ஒரு சிவப்பு. இடது திரும்ப வேண்டும், 'ஃப்ரீ லெஃப்ட்' பலகை எதுவும் கண்ணில் படவில்லை. நின்றேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹார்னை அமுக்கியபடியே பக்கத்தில் வந்து தலையை நீட்டினார். "இன்னா சார், லெஃப்ட்டு ஃப்ரீதானே, போ சார்." சொல்லிவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். கழுத்து முழுக்க வலது பக்கம். இடப்பக்கம் பூக்கூடையோடு இறங்கப்போன அம்மாள் பின்வாங்கி மறுபடி நடைமேடையில் ஏறிக்கொண்டார்.

போன மாதம் மறுபடியும் பிள்ளையார் கோயில். அதே சந்திப்பு, அதே சிவப்பு, அதே வெறும் கம்பம். முதுகு சீட்டில் பட்டது. இன்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. இடப்பக்கம் காலி, வலப்பக்கமும் காலி. பின்னாலிருந்து ஹார்ன். நான் அசையவில்லை. இரண்டாவது ஹார்ன், இந்தத் தடவை நீளமாக. கண்ணாடியில் பார்த்தேன். பம்பரில் எங்கள் ஊரின் வெளிறிய மஞ்சள் நம்பர் பிளேட், டேஷ்போர்டில் சின்னதாக ஒரு பிள்ளையார்.